குவான் அள்ளின இடம்

எங்க ஊர்ல குழந்தை விழுந்தா, பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்க ஓடிவந்து தூக்கி, நெஞ்சைத் தடவி, "குவான் ஏய், குவான் மா"ன்னு சொல்லுவாங்க. குவானே, வா குவானேன்னு அர்த்தம். பயந்தா உடம்பை விட்டு ஓடிப்போறதுதான் குவான். அது எப்படி இருக்கும்னு என்னைக் கேக்காதீங்க, நான் பாத்ததில்ல. ஒரு உடம்புக்குள்ள முப்பத்திரண்டு இருக்குன்னு சொல்றாங்க. ஒண்ணு ரெண்டு போனா சோறு இறங்காது, தூக்கம் வராது. மொத்தமும் போயிட்டா ஆளே இல்ல. அதனால விழுந்த இடத்துலயே உடனே கூப்பிட்டுடணும்.

நான் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. உண்மையச் சொல்லிடறேன். என் பொண்ணு ஃபாங் விழுந்தா, "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு, எந்திரிடி"ன்னுதான் என் வாயில வரும். மரவள்ளிக் கிழங்கு காயப்போடற களத்துல எனக்கு வேலை. நாள் பூரா சிமெண்டுத் தரையில வெயில்ல நின்னு கிழங்குச் சில்லைக் கிளறிப் போடறவளுக்கு நாக்குல தேனா ஊறும்? களத்துல எனக்கு மிளகா லம்யாய்னே பேரு. முதலாளியே என்கிட்ட ஒரு வார்த்தை அளந்துதான் பேசுவாரு.

அந்தச் சொல்லைச் சொன்னவங்க சம்லி அக்கா. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. அவங்க பொண்ணு நொக்கும் என் பொண்ணும் ஒரே மாசத்துல பொறந்ததுங்க. ரெண்டும் சேந்து மாமரத்துல ஏறும், சேந்து விழும், சேந்து ஓடும், எங்க? சம்லி அக்கா வீட்டுக்கு. நான் வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பேன், என்னைத் தாண்டி ஓடும் என் பொண்ணு. அவங்க ரெண்டையும் ரெண்டு துடையில உக்கார வச்சு, முழங்கால்ல ஊதி ஊதி அதைச் சொல்லுவாங்க. நொக்கும் அதையே கத்துக்கிட்டா. கோழிக்குஞ்சு கால்ல முள்ளு குத்தினாக்கூட அதைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, பெரிய மனுஷி மாதிரி குவான் ஏய்னு ஆரம்பிப்பா. என் வீட்டுக்காரர் கம்சிங் சிரிச்சுக்கிட்டே, "உன் பொண்ணுக்கு வலி உன்னால, மருந்து அவங்களால"ம்பாரு. எனக்கு எரிச்சலா வரும். ஆனா வேலை மிச்சம்னு விட்டுடுவேன்.

இப்ப ரெண்டுக்கும் பதினாறு வயசு. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ரிப்பன் வாங்கணும்னு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போச்சுங்க. ஓட்டினது ஃபாங், பின்னாடி நொக். கரும்பு வெட்டற மாசம். ஆலைக்குப் போற லாரியிலருந்து விழுந்த கரும்பு வளைவுல குறுக்கால கிடந்திருக்கு. பொழுது சாஞ்ச நேரம். வழுக்கிடுச்சு. அந்த வழியில அப்புறம் ஒரு வண்டியும் வரல. அரை மணி நேரம் கழிச்சு யாரோ பாத்து மீட்பு வண்டிக்காரருக்குச் சொல்லி, அவர் வந்து அள்ளிப்போட்டுக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நொக் வழியிலயே போயிட்டா. ஃபாங்குக்குத் துடை எலும்பு முறிஞ்சுது, இரும்புத் தகடு வச்சுக் கட்டிட்டாங்க.

சாவுக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? சடங்கு நடக்கற புத்தர் கோயில் மண்டபத்துப் படியில கால வைக்கறதுக்குள்ள சம்லி அக்கா எதுக்க வந்து நின்னாங்க. கத்தல, திட்டல. "ஓட்டினது உன் பொண்ணு. நீ உள்ள வராத லம்யாய்"னாங்க. ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு. ஊரையே வாயால வெரட்டற நான், ஒரு வார்த்தை பேசாம இறங்கி வந்தேன்.

ஃபாங்கிட்ட நாங்க சொல்லல. நொக் பக்கத்து வார்டுல இருக்கா, நல்லா இருக்கான்னு பொய் சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல. வாயே திறக்கல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. மொத ஒரு வாரம் நாலு ஸ்பூன் கஞ்சியாவது இறங்குச்சு. அதுவும் அழுது கெஞ்சி, நான் யார்கிட்டயும் கெஞ்சாத கெஞ்சல் கெஞ்சி. பாக்க வர்ற பொம்பளைங்க எல்லாம் அவ நெஞ்சைத் தடவி, "குவான் ஏய், குவான் மா"ன்னுவாங்க. அப்ப மட்டும் அவ உடம்பு ஒரு வெட்டு வெட்டும். போர்வைய இழுத்துத் தலைய மூடிக்குவா.

"பாத்தியா, குவான் இன்னும் ரோட்டுல கிடக்கு. அதான் நாம கூப்பிடறதை இந்த உடம்பு ஏத்துக்கல"ன்னா பக்கத்து கட்டில்காரன் பொண்டாட்டி. "வலை எடுத்துட்டுப் போய் அந்தக் குவானை அள்ளிட்டு வந்தியா இல்லியா?"

"இல்ல."

"எட்டு நாளா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

வேற நேரமா இருந்தா அவ கூந்தல் என் கையில இருந்திருக்கும். அன்னைக்கு நான் தலையக் குனிஞ்சேன். பெத்த வயிறு எரியறப்ப எவ என்ன சொன்னா என்ன.

ஓடையில இறால் அள்ளுற வட்டக் கைவலை இருக்குல்ல, அதுதான். அதுக்குள்ள அவிச்ச முட்டை ஒண்ணு, ஒட்டுச்சோறு ஒரு உருண்டை, வாழைப்பழம், ஃபாங் போட்ட சட்டை, வெள்ளை நூல் எல்லாம் வச்சுக்கிட்டு, கம்சிங் உழவு வண்டிய ஓட்ட, அந்த வளைவுக்குப் போனோம். ரோட்டுல போலீஸ்காரங்க வெள்ளைப் பெயிண்டால வட்டம் போட்டிருந்தாங்க. சரி, இதுதான் இடம்னு அதுமேல நின்னு, காத்துல வலையப் போட்டு அள்ளினேன். கரும்பு லாரி எல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போகுது. "ஃபாங்கோட குவானே, வாடி வீட்டுக்கு. அம்மா வந்திருக்கேன். முட்டை இருக்கு, சோறு இருக்கு, உன் நீலச் சட்டை இருக்கு. வந்துடுடி"ன்னு கத்தினேன். என் குரல் எனக்கே அதட்டற மாதிரிதான் கேட்டுச்சு. கம்சிங் மெதுவா, "கொஞ்சம் அன்பாக் கூப்பிடேன்"னாரு. "இதுக்குமேல அன்பு கடையிலதான் வாங்கணும்"னேன். சொல்லிட்டு அழுதுட்டேன்.

வலை வாய மூடிப் பிடிச்சுக்கிட்டு நேரா வார்டுக்கு வந்தோம். மெழுகுவத்தி மட்டும் ஏத்தாதீங்கன்னு நர்ஸ் சொல்லிட்டு ஒதுங்கிக்கிட்டா, அவளும் எங்க ஊர்ப் பக்கந்தான். கட்டிலச் சுத்தி ஏழெட்டு பொம்பளைங்க. குவான் மறுபடி ஓடிடாம இருக்க அவ கையில நூலைக் கட்டி, எல்லாரும் ஒண்ணா அந்தச் சொல்லைச் சொன்னோம். நான் நல்லா வாய் விட்டு, திரும்பத் திரும்ப, பதினாறு வருஷத்துக்கும் சேத்துச் சொன்னேன்.

அன்னையிலருந்து அந்த நாலு ஸ்பூன் கஞ்சியும் நின்னு போச்சு.

உதட்டுல பால வச்சா ஓரமா ஒழுகி வந்துடும். கையில ஏத்தின குளுக்கோஸ் ஊசிய ரெண்டு தடவை பிடுங்கிப் போட்டா. முகம் சுருங்கி, கண்ணு குழியில போயி, பதினாறு வயசுப் பொண்ணு அறுவது மாதிரி ஆயிட்டா. பதினோராம் நாள் காலையில டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டாரு.

"எலும்பு நல்லா சேருதும்மா. ஆனா மூணு நாளா ஒண்ணும் உள்ள போகல. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லன்னா மூக்கு வழியாக் குழாய் விட்டுத்தான் ஆகணும். அதையும் பிடுங்குவா, கையக் கட்டணும்."

"கட்டினா பொழைச்சுக்குவாளா டாக்டர்?"

"குழாயால உடம்பத்தான் காப்பாத்த முடியும். வாழணும்னு அவளுக்கு எண்ணம் இருக்கணும்ல"ன்னாரு. மரியாதையான மனுஷன். கண்ணு அந்தப் பக்கம் இருந்துச்சு.

நடைபாதையில தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்ப அந்த மீட்பு வண்டிக்காரர் வேற ஒரு அடிபட்ட ஆளைக் கொண்டுவந்து விட்டுட்டுத் திரும்பிக்கிட்டிருந்தாரு. என்னை அடையாளம் கண்டு, பொண்ணு எப்படியிருக்குன்னு கேட்டாரு. சொன்னேன். வலை எடுத்துட்டுப் போனதையும் சொன்னேன்.

"எங்க அள்ளினீங்க அக்கா?"

"அந்த வெள்ளை வட்டத்துல."

அவர் முகம் மாறிடுச்சு. "அங்க கிடந்தது உங்க பொண்ணு இல்லக்கா. அந்த இன்னொரு பொண்ணு. உங்க பொண்ணு ரோட்டுக்குக் கீழ, கரும்புப் பக்கமா, பள்ளத்துல கிடந்துச்சு. ஏழெட்டு அடி தள்ளி."

செத்தவ விழுந்த இடத்துல வலையப் போட்டு, அதைக் கொண்டுவந்து உயிரோட இருக்கறவ கையில கட்டியிருக்கேன். எதைக் கட்டினேன்? யாரைக் கட்டினேன்? வார்டுக்குள்ள ஓடினேன். கத்திரி கேக்கக்கூடப் பொறுமை இல்ல, அவ மணிக்கட்டுல இருந்த நூலைப் பல்லாலயே கடிச்சு அறுத்தேன். என் முகம் அவ்வளவு கிட்ட வந்தும் அவ கண்ணத் திறக்கல. கம்சிங்கை அவகிட்ட உக்கார வச்சேன்.

"நான் மறுபடி போறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். எவளாவது குழாயத் தூக்கிக்கிட்டு வந்தா கால்ல விழுந்தாவது நிறுத்துங்க."

"நீ எப்படிப் போவ?"

"எப்படியோ போவேன். கேள்வி கேக்கற நேரமா இது?"

ஷேர் வண்டியில ஏறி, ஒரு கிலோமீட்டர் நடந்து, பகல் பதினொண்ணு இருக்கும், அந்த வளைவுக்குப் போய்ச் சேந்தேன். வெள்ளை வட்டத்துல சம்லி அக்கா உக்காந்திருந்தாங்க. கறுப்புத் துணி. எதுக்க ஒரு தட்டுல சோறும் முட்டையும், ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா, மணல்ல சொருகின ஊதுவத்தி. என் கையில இருந்த வலையப் பாத்தாங்க.

"மறுபடியும் வந்துட்டியா"ன்னாங்க. "இன்னும் என்ன இருக்குன்னு அள்ள வந்த?"

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. இடம் தப்பாப் போச்சு."

"என் பொண்ணு தினமும் கனவுல வந்துக்கிட்டிருந்தாடி. எரிச்ச நாள்லருந்து தினமும். வாசல் தொட்டியில கால் கழுவிட்டு உள்ள வருவா. ஒண்ணும் பேச மாட்டா. வந்தாளே, அது போதும்னு இருந்தேன். நீ வலை எடுத்துட்டு வந்தன்னு ஊர்ல சொன்னாங்க. அன்னையிலருந்து வரல. மூணு நாளா வரல."

நான் வலைய முதுகுக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டேன்.

"நீ அவளை அள்ளிட்டுப் போயிட்ட"ன்னாங்க. "உயிரோடயும் உன் பொண்ணு கூடவே சுத்தினா. செத்தும் உன் பொண்ணு கையிலயே கட்டிட்ட. குடுடி எனக்கு. என் பொண்ணக் குடு."

பைத்தியம்னு சொல்லவா? நானும் அதையேதான நெனச்சு நூலைக் கடிச்சு அறுத்துட்டு வந்தேன். அந்த நூல் என் பைக்குள்ளதான் இருந்துச்சு. எடுத்து நீட்டினேன். தொட்டுப் பாத்துட்டு, வேணாம்னு தலையாட்டினாங்க.

"நூலைக் குடுத்தா ஆச்சா? நான் வர்றேன். நேர்ல வந்து கூப்பிட்டு அழைச்சுக்கிட்டுப் போறேன்."

ஃபாங்குக்கு எதுவும் தெரியாது. இவங்க கறுப்புத் துணியோட வந்து கட்டில் பக்கத்துல நின்னு செத்த பொண்ணைக் கூப்பிட்டா, இருக்கற கொஞ்சமும் போயிடும். நொக்கைக் கூப்பிடறப்ப கூடவே இவளும் எந்திரிச்சுப் போயிட்டான்னா? வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் டாக்டர் அந்தப் பக்கம் பாத்தது ஞாபகம் வந்துச்சு. மூழ்கறவளுக்குச் சாண் என்ன முழம் என்ன.

அந்தத் தார் ரோட்டுல, லாரிக்காரங்க பாக்க, அவங்க முன்னாடி முட்டி போட்டேன். "வாங்கக்கா. உங்க பொண்ண அழைச்சுக்கிட்டுப் போங்க. ஆனா என் பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை அதைச் சொல்லுங்க. என் வாய்க்கு அது வரல. நான் சொல்லி அவளுக்கு ஆகல. சின்ன வயசுல உங்ககிட்டதான ஓடி வருவா. உங்க கால்ல விழறேன்."

"உன் பொண்ணுக்கு நான் சொல்லணுமா?"

"ஆமா."

"என் பொண்ணு ரோட்டுல கிடந்தப்ப யாரு சொன்னா?"

அதைக் கேட்டுட்டு அவங்க எந்திரிச்சாங்க. சோடா பாட்டில்ல இருந்த மிச்சத்தை மண்ணுல ஊத்திட்டு, ஒரு முட்டையும் சோத்து உருண்டையும் பைக்குள்ள போட்டுக்கிட்டு, என் கையிலருந்த வலையப் பிடுங்கிக்கிட்டு முன்னாடி நடந்தாங்க. பள்ளத்துல இறங்கி அள்ளலாம்னுதான் வந்தேன். இறங்கவே இல்ல. அவங்க பின்னாடி ஓடினேன்.

ஷேர் வண்டியில எதிரெதிரா உக்காந்திருந்தோம். பாதி வழியில அவங்க, "நெஜமாவே மூணு நாளாச் சாப்பிடலியா?"ன்னாங்க.

"தண்ணிகூட இல்லக்கா."

"பிடிவாதம். உன்னை மாதிரி"ன்னுட்டு வெளிய பாக்க ஆரம்பிச்சாங்க.

வார்டுல மதியச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் படுத்திருந்த நேரம். கம்சிங் சம்லி அக்காவப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவங்க அவரப் பாக்கல. கட்டிலையும் நேரா பாக்கல. பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து, வலைய மடியில வச்சுக்கிட்டு, தரையப் பாத்துக் கூப்பிட்டாங்க.

"நொக். அம்மா வந்திருக்கேன். வீட்டுக்கு வா. இது உன் இடம் இல்ல. முட்டை எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு. வா, போலாம்."

செவுத்துப் பக்கம் திரும்பியிருந்த தலை இந்தப் பக்கம் திரும்புச்சு. பதினோரு நாள்ல மொத தடவை. ஃபாங் அவங்களப் பாத்தா. கறுப்புத் துணியப் பாத்தா, வலையப் பாத்தா.

"அவ இங்க இல்ல பெரியம்மா"ன்னா. குரல் பழைய தகரத்தை இழுக்கற மாதிரி வந்துச்சு. "அவ செத்துட்டா. எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்குக் கேட்டுச்சு."

சம்லி அக்கா ஸ்டூலக் கட்டில்கிட்ட இழுத்துக்கிட்டாங்க. எதுவோ கேக்கணும், கேக்க பயமா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. கடைசியில கேட்டுட்டாங்க.

"என்னைக் கூப்பிட்டாளா?"

ஃபாங் பொய் சொல்லத் தெரியாத பொண்ணு, அந்த ஒரு விஷயத்துல அவ அப்பனை உரிச்சு வச்சவ.

"இல்ல பெரியம்மா. உங்களக் கூப்பிடல. நான் பள்ளத்துல கிடந்தேன். இருட்டு. கால் எங்க இருக்குன்னே தெரியல. பயங்கரமாக் கத்திக்கிட்டிருந்தேன். அவ மேல ரோட்டுல கிடந்தா. அவ முகம் தெரியல, சத்தம் மட்டுந்தான். அவ எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தா."

"என்ன சொன்னா?"

"நீங்க சொல்லுவீங்களே, அது. குவான் ஏய், குவான் மா. ஃபாங் குவானே வா, வா, பயப்படாதன்னு. உங்கள மாதிரியே சொன்னா. விடாம சொன்னா. நடுவுல இருமுவா, மறுபடி சொல்லுவா."

சம்லி அக்கா ரெண்டு கையாலயும் வலை வளையத்தப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, விரல் எல்லாம் வெளுத்துப் போச்சு. நான் ஒரு முட்டாள் கழுதை. அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் என் பொண்ணு அந்தப் பள்ளத்துக்குள்ள போய் விழுந்திருக்கா. நான் ஏழெட்டு பேரைச் சேத்துக்கிட்டு வந்து வட்டம் போட்டு நின்னு அதையே அவ காதுல கத்தியிருக்கேன்.

"அப்புறம்?"னாங்க சம்லி அக்கா.

"அவ சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆறுதலாச்சு பெரியம்மா. பயம் கொறைஞ்சுது. அழுகைய நிறுத்திட்டேன்." அவ போர்வை நுனிய விரல்ல சுத்தினா. "நான் நிறுத்தினதும் அவளும் நிறுத்திட்டா. எனக்கு சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டா போல. நான் அழுதுக்கிட்டே இருந்திருந்தா அவ சொல்லிக்கிட்டே இருந்திருப்பா. வண்டி வர்ற வரைக்கும் சொல்லியிருப்பா. நான்தான் நிறுத்திட்டேன்."

"இல்லடி கண்ணு, அப்படியெல்லாம் இல்லடி, அது உன்னால இல்ல"ன்னு நான் பாஞ்சேன். சம்லி அக்கா என் கையப் பிடிச்சு ஒதுக்கினாங்க.

"நீ சும்மா இரு லம்யாய்."

ஸ்டூலிலருந்து எந்திரிச்சு கட்டில்ல, அவ இடுப்புப் பக்கமா உக்காந்தாங்க. அவ நெஞ்சைத் தடவல. அந்தச் சொல்லையும் சொல்லல. சொல்லப்போறாங்களோன்னு நான் பயந்தேன். அவ மோவாயப் பிடிச்சுத் திருப்பி, கண்ணுக்கு நேரா பாத்தாங்க.

"அவ நிறுத்தினதுக்கு அப்புறம் நீ அழுதியா?"

இல்லைன்னு தலையாட்டினா.

"இத்தனை நாள்ல?"

இல்ல.

"ஏன்?"

"அழுதா எல்லாரும் சொல்ல வந்துடுவாங்க. அவங்க சொன்னா எனக்கு அழுகை நின்னுடும். நின்னா, மறுபடியும்…" அதுக்குமேல அவளால முடியல.

"சரி. இப்ப அழு"ன்னாங்க சம்லி அக்கா. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். நான் சொல்ல மாட்டேன். உன் அம்மா சொல்ல மாட்டா, அவளுக்கு எப்பவும் அது வராது. நீ நிறுத்தாத. என் பொண்ணுக்கு அழு."

அவ மொதல்ல வாயத் திறந்தா, சத்தம் வரல. அப்புறம் வந்துச்சு பாருங்க. நான் பெத்தப்பகூட அப்படிக் கத்தல அது. கட்டில் ஆடுச்சு. கட்டு போட்ட கால் ஆடக்கூடாது, அதை கம்சிங் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அவரும் அழறாரு. சம்லி அக்கா அவ தோள்ல நெத்திய வச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர் அழுகையும் ஒண்ணாக் கலந்து, எது யாருதுன்னு தெரியல.

அந்தக் கோடியிலருந்து நர்ஸ் ஓடி வந்தா, கையில ஊசியோட. "என்னாச்சு, மத்தவங்க இருக்காங்க, கொஞ்சம் அமைதியா"ன்னா. பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி எந்திரிச்சு, நல்ல மனசுதான், கையத் தடவற மாதிரி நீட்டிக்கிட்டு, "குவான் ஏய்"னு ஆரம்பிச்சா.

"வாய மூடுடி"ன்னேன். பதினோரு நாளா உள்ள கிடந்த என் குரல் அப்பத்தான் வெளிய வந்துச்சு. கட்டிலுக்கு முன்னாடி கைய விரிச்சுக்கிட்டு நின்னேன். "ஒருத்தி கிட்ட வரக்கூடாது. ஒருத்தி சமாதானம் சொல்லக்கூடாது. எவளாவது என் பொண்ணுக்கு ஆறுதல் சொன்னீங்க, நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன். ஊசி வேணாம், நர்ஸம்மா, உன் கால்ல விழறேன், ஊசி போட்டு நிறுத்திடாத. அழட்டும். நிக்கற வரைக்கும் அழட்டும்."

நர்ஸ் என்னைப் பாத்தா, அவங்க ரெண்டு பேரையும் பாத்தா. ஊசிய ட்ரேயில வச்சுட்டு, வார்டுக் கதவைச் சாத்திட்டு, வெளிய நின்னுக்கிட்டா.

எவ்வளவு நேரம்னு தெரியல. நடுவுல தளரும், மறுபடி பிடிக்கும். தளர்றப்பெல்லாம் எனக்கு உயிர் போச்சு, நின்னுடுமோன்னு. சம்லி அக்கா ஒவ்வொரு தடவையும் அவ காதுகிட்ட, "நான் இங்கதான் இருக்கேன்"னு மட்டும் சொன்னாங்க. நான் கைய விரிச்சபடியே நின்னேன், தோள் மரத்துப் போச்சு. சாயங்காலம் டாக்டர் குழாயோட வந்தப்பவும் அப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தேன்.

அப்ப பின்னாலருந்து, கரகரன்னு, "அம்மா, தண்ணி"ன்னு கேட்டா.